சுபேதார் சொன்ன ‘பிடு’

சேலத்திலிருந்து கன்னடச் சீமைக்கு வெறுங்கையோடு வந்து, மண்டி மொஹல்லா கடைவீதியில் மூன்றே வருடத்தில் மரக்கடை முதலாளி ஆனவன் நான். காட்டுவழிப் பயணத்துக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டேன். ஓய்வுபெற்ற பட்டாளத்து சுபேதார் ஒருவரிடம் சுடப் பழகி, அவர் கடிதத்தோடு வரச் சொன்னார்கள் லைசென்ஸ் ஆபீசில்.

ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. துப்பாக்கியை எப்போது கையில் எடுத்தாலும், தாமே சற்றுமுன் காலி செய்திருந்தாலும், குண்டு போடும் ஆறு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் நான் குறி பார்த்தபோது, வட்டம் போட்ட குறிப்பலகைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு பசு ஏறியது. “பிடு, பிடு” என்றார், அவசரத்தில் தம் மொழியிலேயே. கன்னடத்தில் அது ‘விட்டுவிடு’. என் காதில் ‘பிடி’ என்று விழுந்தது. இறுக்கிப் பிடித்தேன், வெடித்துவிட்டது. பசு பிழைத்தது. குண்டு பலகையின் நட்டநடுவில்.

“பாத்தீங்களா சாமி, நடுவட்டம். கடிதம் எழுதுங்க.”

அவர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. “சொன்னா நிக்காத கைக்குக் கடிதம் இல்ல ஸ்வாமி.”

“நீங்கதானே பிடின்னீங்க?”

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரே ஆரம்பித்தார். “உங்க மண்டியில மூட்டை தூக்கற தமிழாளுங்கள கேட்டேன். ‘பிடு’ன்னா அவங்க காதுலயும் ‘பிடி’ன்னுதான் விழுதாம். தப்பு என் சொல்லுல. இனிமே ‘விரல எடு’ம்பேன்.”

இருபது தடவை சொன்னார், இருபது தடவையும் விரலை எடுத்தேன். ஒரு குண்டும் சுடாமலே கடிதம் கிடைத்தது.

குறி தப்பாத என் கையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அது போகட்டும். ஒரு சொல்லுக்காக அவர் மூட்டைக்காரர்களிடம் போய் நின்றாரே, நானாக இருந்தால் நின்றிருக்க மாட்டேன்.