புள்ளிக் கல்லும் கோட்டுக் கல்லும்

போன கோடையில் நடந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் நான் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. குடிபாலா பக்கம் கூலி வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஹெல்மெட்டைத் தலையில் வைத்தாலே என் நடை மாறிவிடும்.

நடைமேடையில் பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் கல் பதித்தோம். கோடு போட்ட கல் என்றால் நடக்கலாம். புள்ளி வைத்த கல் என்றால் நிற்க வேண்டும், முன்னால் படி இருக்கிறது. மேஸ்திரிக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சுரங்கப்பாதைப் படிக்கட்டை நெருங்கும்போது புள்ளிக் கல் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள்.

“கோட்டுக் கல்லையே போடுங்க. போட்டோவுல மஞ்சளா தெரிஞ்சா போதும்” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணு இல்லன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“அப்புறம் மாத்திக்கலாம், போடுங்க.”

மறுநாள் காலை, அதிகாரிகள் வருவதற்கு முன்னால், ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மொபைல் திரைக்குள் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் வெள்ளைக் கோல். கோட்டைத் தடவிக்கொண்டே படியை நோக்கி வேகமாக வந்தாள். ஓடிப்போய்த் துப்பட்டாவோடு சேர்த்து இழுத்தேன். அவளுடைய ஒரு கால் அந்தரத்தில் இருந்தது.

“யாரு அது? பரீட்சைக்குப் போய்க்கினு இருக்கேன், விடுங்க!”

“படி இருக்குதும்மா.”

கோலை நீட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. “கோடு வந்துச்சே அக்கா. அத்த நம்பித்தானே நடந்தேன். யாரு போட்டாங்க இத?”

“தெரியல” என்றேன்.

என் கையைப் பிடித்தபடி படி இறங்கினாள். பாதி வழியில் சிரித்தாள். “விழப் பாத்தது நானு. நடுங்கறது நீங்களா?” அந்தப் பக்க நடைமேடை வரை கொண்டுபோய் விட்டேன். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

திரும்பி வந்து மேஸ்திரியோடு உட்கார்ந்து அந்தக் கல்லையெல்லாம் பெயர்த்தேன். “போட்டோவுல நல்லா இருக்காதே மேடம்” என்றார் அவர். அதிகாரிகள் வந்தபோது அங்கே உடைந்த தரையும் குறுக்கே கட்டிய கயிறும்தான் இருந்தன. நன்றாகத் திட்டு வாங்கினேன்.

பிறகு புள்ளிக் கல் வந்தது, பதித்தாயிற்று. ஆனாலும் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் புள்ளியைத் தடவிப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை. ‘நான்தான் போட்டேன்’ என்று அவளிடம் சொல்லாமல் விட்டது ஒவ்வொரு முறையும் காலில் குத்துகிறது.