ஐஸ்காரர் சொல்லாமல் கிளம்பினார்

மல்லசமுத்திரத்தில் கைலாசம் வீடு எது என்று கேட்டால் பத்துப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஐஸ்காரர் வீடு என்றால் பால்வாடிக் குழந்தையும் கையைக் காட்டும். ஐஸ் வெள்ளைக்காரனோடு வந்த சொல். வெள்ளைக்காரன் போயும் அது போகவில்லை, கைலாசத்தை விட்டபாடுமில்லை. இருபது வயதில் சைக்கிளில் மணியடித்துக் குச்சி ஐஸ் விற்றார். பிறகு ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டிகளைப் பார் பாராகத் தூக்கினார். சாவு வீடுகளில் உடலைச் சுற்றி அந்தப் பார்களைத்தான் அப்போது அடுக்குவார்கள். இப்போது அவர் வாடகைக்கு விடுவது உடலைக் கிடத்தும், கரண்டில் ஓடும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு சில்லு ஐஸ்கூடக் கிடையாது. ஊருக்கு என்னவோ அது ஐஸ் பெட்டிதான்.

அன்று மணிச் சத்தத்துக்கு ஓடிவந்த பிள்ளைகளே இன்று பெரியவர்களாகி, காலையில் அவர் வண்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. மகள் தனப்பிரியாவுக்கு வந்த இரண்டு வரன்கள் அந்தப் பெட்டியாலேயே தட்டிப்போயின.

மூன்றாவது வரன் பக்கத்து ஊர் அறிவு. லேத் பட்டறை வைத்திருக்கிற, தகப்பன் இல்லாத பையன். கைலாசமும் மனைவி மஞ்சுளாவும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். பையனின் அம்மா மாரியாயி காப்பி கொடுத்தார். பேச்சு நல்லபடியாக முடிந்தது. கைலாசம் எழுந்தார், செருப்பை மாட்டினார், திரும்பிப் பாராமல் நடந்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பதினைந்து வருடமாக அப்படியே கிளம்பிப் பழகிய கால்கள்.

பின்னாலேயே ஓடிவந்த மஞ்சுளா தெருமுனையில் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் பேசுன ஊட்டுல இப்படியா சொல்லாமக் கெளம்புவீங்க?"

இந்த வரனும் போயிற்று என்றே கைலாசம் நினைத்தார். ஆனாலும் திரும்பி நடந்தார்.

மாரியாயி வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கூட்டுக்காரரு தவறுனப்பவும் உங்க பெட்டிதானுங்க வந்துச்சு. அன்னைக்கும் இப்படித்தான் சொல்லாமப் போனீங்க" என்றார் மாரியாயி. "அன்னைக்கு அது மொறைங்க. இன்னைக்குச் சொல்லீட்டுப் போங்க."

கைலாசம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"போய்ட்டு வாரேனுங்க."

"வாங்க சம்பந்தி" என்றார் மாரியாயி.