தாட்சாயணியக்கா சொன்ன குவைத்து

எங்க தெருவுல முதல்ல ஏரோப்ளேன் ஏறினது தாட்சாயணியக்காதான். தொண்ணூத்தாறுல. அந்த வருஷம் ஏரி காஞ்சி கரும்பு வெட்டு நின்னுபோச்சி. அக்கா புருஷன் முனிகிருஷ்ண மாமாவுக்கு வேலையும் இல்ல, வேலை தேடற புத்தியும் இல்ல. நாலு வயசுப் பொண்ணு தரணிய அவருகிட்ட வுட்டுட்டு, குவைத்துல ஒரு பெரிய வூட்டுக்கு வூட்டு வேலைக்குப் போச்சி அக்கா. நான் இந்திராணி, அடுத்த வூடு. தரணிக்குத் தலை பின்னி வுட்டு வளத்தவ நான். அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குது, எவளும் வாயத் தொறக்க வேணாம்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் அக்கா வரும். வந்தா கங்காதர நெல்லூரு பக்கம் இருக்கற சொந்தமெல்லாம் எங்க தெருவுலதான். பால் பவுடர் டப்பா, செண்ட்டு, பூப்போட்ட கம்பளி, சாக்லெட்டு. அத்தனை பேரும் சுத்திக் குந்திக்கினு கதை கேப்போம். "அங்க கரண்டு போகவே போகாது. குழாயத் தொறந்தா எந்நேரமும் தண்ணி. ரோட்டுல சோத்தக் கொட்டித் துன்னலாம், அவ்ளோ சுத்தம். கோழி இல்லாத நாளே கெடையாது. மேடம் என்னைக் கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்குது. ஒரு கொறையும் இல்ல." நாங்க வாயப் பொளந்துக்கினு கேப்போம். இங்க தண்ணி டேங்கரு வந்தா குடத்தத் தூக்கிக்கினு சண்டைக்கு ஓடணும், ரேஷன் அரிசில கல்லு பொறுக்கணும். எனக்கு வயித்தெரிச்சல்தான், மறைப்பானேன்.

அந்தக் காசுல மாடி வெச்சி மெத்தை வூடு கட்டினாங்க. தரணிக்கு சித்தூர்ல ஆட்டோ ஓட்டற சுதீரப் பாத்து, நகை போட்டுக் கட்டி வெச்சாங்க. இனிமே போதும்னு அக்கா ஊரோட வந்துடுச்சி.

மாப்பிள்ளைக்குப் பொழுது சாஞ்சா பாட்டில் வேணும். பாட்டில் உள்ள போனா பொண்டாட்டிய அடிக்கணும். நகையெல்லாம் ஒவ்வொண்ணா கழண்டுபோச்சி. நான் வேலை செய்யற மாங்கா கூழ் ஃபேக்டரிக்கு தரணியும் என்கூட கூலிக்கு வந்துச்சி. சீசன்ல மட்டும் வேலை, அப்பறம் வூட்டுக்குப் போன்னுடுவாங்க. மாங்கா பாலு பட்டு விரலெல்லாம் வெந்து கெடக்கும், அடி வாங்கிக் கன்னம் வீங்கிக் கெடக்கும். அம்மா வூட்டுக்கு ஓடியாந்தா, மாமா சோறு போட்டு, மறுநாளே அவரே இட்டுக்கினு போயி பஸ் ஏத்தி வுடுவாரு.

"புருஷன் பொண்டாட்டின்னா அப்டி இப்டித்தான் இருக்கும். நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"ம்பாரு. பொண்டாட்டி அனுப்பின காசுல குந்தித் துன்ன மனுஷனுக்கு நாலு பேரு மேல பயம்! அக்காவும் எதுத்துப் பேசினதில்ல.

போன வருஷம் சீசன் முடிஞ்ச வாரம் தரணி ஒரு பெட்டியோட வந்து நின்னுச்சி. திருப்பதி ஏஜெண்டு விசா வாங்கிட்டானாம், "பயம் ஏமி லேதம்மா"ன்னு தைரியம் சொன்னானாம். குவைத்துக்குப் போகப் போவுதாம். நான் அங்கதான் மோர் மொளகா கெளறிக்கினு இருந்தேன். அக்கா மூஞ்சில ரத்தமே இல்ல.

"வேணாம்டி, போகாத."

"ஏம்மா? நீ போகல? ராணி மாதிரி இருந்தேன்னு நீதான சொன்ன?"

"பொய் சொன்னேன்டி."

தரணி சிரிச்சிது. "என்னை நிறுத்தறதுக்கு இப்பப் பொய் சொல்ற."

தவளை தன் வாயாலதான் கெடும்பாங்க. அத்தனை வருஷம் தேன் தடவிப் பேசின வாய இப்ப யாரு நம்புவா? அக்கா எழுந்து ரவிக்கைக் கைய மேல ஏத்துச்சி. தோளுகிட்ட இஸ்திரிப் பொட்டி அளவுக்கே தோலு சுருங்கிக் கருத்துக் கெடந்துச்சி. சட்டைல மடிப்பு சரியா வுழலன்னு மேடம் சூடு வெச்சதாம்.

"துணி தொவைக்கற ரூமுலதான்டி படுக்கை. ராத்திரி வெளியப் பூட்டிடுவாங்க. கோழி நெசம், அவங்க கடிச்சிப் போட்டத நான் துன்னேன். தண்ணி, கரண்டு, ரோடு எல்லாம் நெசம். நல்ல ஊருதான்டி அது. நமக்கில்ல."

"ஏன்க்கா இத்தினி வருஷம் சொல்லல?"ன்னு கத்தினேன்.

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? நான் பஸ் ஏறும்போது எல்லாரும் அழுதிருப்பீங்க. எப்டியும் நான் போய்த்தான ஆவணும்."

தரணி அந்தத் தழும்பயே பாத்துக்கினு இருந்துச்சி. கிட்ட வந்து வெரலால தடவிப் பாத்துச்சி. நம்பிடுச்சின்னு நெனச்சேன், நம்பத்தான் செஞ்சிது.

"இத வெச்ச மாசம் சம்பளம் குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க."

"பாத்தியா? அங்க அடிக்கறவங்க மாசம் பொறந்தா சம்பளம் குடுக்கறாங்க. இங்க நான் சும்மாவே அடி வாங்கிக்கினு இருக்கேன்."

அக்கா ரவிக்கைக் கைய எறக்கி வுட்டுக்கினு, "எங்கயும் போகாத, இங்கயே என்கூட இருந்துடு கண்ணு"ன்னுச்சி.

"அத நைனாவச் சொல்லச் சொல்லு."

மாமா கட்டில்ல குந்திக்கினு எல்லாத்தயும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. எழுந்தாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு வெளிய போயிட்டாரு. அடப்பாவி மனுஷா! இரும்மான்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான்! அன்னைக்கு அந்த ஆளு மேல மொளகாத் தட்டத் தூக்கி அடிச்சிருக்கணும் நான். இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்றாங்களே, அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கரையும் காஞ்சிதான் கெடந்துச்சி. கூலி கெடைக்கற கரையா பாத்துக்கிச்சி.

அக்கா அதுக்கப்பறம் தடுக்கல. மாங்கா ஊறுகா போட்டுக் கட்டிக் குடுத்துச்சி. சித்தூரு பஸ் ஸ்டாண்டுல மெட்ராஸ் பஸ்ல தரணிய ஏத்தி வுட்டு, நாங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழ நின்னோம். கண்டக்டரு விசில் ஊதறதுக்குள்ள அக்கா அவசர அவசரமா சொல்லுச்சி:

"மேடம் கைய ஓங்கினா தடுக்காதடி, தடுத்தா கோவம் இன்னும் ஏறும். குனிஞ்சிக்கோ. மூஞ்சிய மட்டும் கையால மறைச்சிக்கோ."

பெத்தவ பொண்ணுக்கு சொல்ற புத்தியா இது?

தரணி ஜன்னல் கம்பி வழியா கைய நீட்டி அம்மா கன்னத்தத் தொட்டுச்சி.

"தெரியும்மா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்டித்தான பண்றேன்."