உழைப்பாளியா, மாப்பிள்ளையா: கடிகாரக் கடையில் சில வருடங்கள்

கடிகாரக் கடையில் நிற்பவளிடம் யாரும் மணி கேட்பதில்லை, "இந்த ரெண்டுல எது நல்லது?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் எந்தக் கடையிலாவது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் என்றால், இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் போதாது என்பது தெரிந்திருக்கும். இதை நல்லது என்றால் அதைக் கையில் எடுப்பார்கள். அதை நல்லது என்றால் "அப்ப இதுல என்ன குறை?" என்பார்கள். கடைசியில் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கிப் போவார்கள். நாம் இரண்டையும் துடைத்து மறுபடி உள்ளே வைப்போம்.

மாத்தளை டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் இருந்த முதலாளி பாஹிம் நானாவின் கடையில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சுவர்க் கடிகாரமும் அலாரமும் விற்ற கடை அது. கொரோனா அடங்கியதும் ஊரில் பாதிப் பேர் விடியற்காலையில் நடக்கவும் ஓடவும் தொடங்க, நானாவும் ஓட்டக்காரர்களுக்கான கடிகாரங்களை இறக்கினார். முக்கியமாக இரண்டு. ஒன்று தடித்த கறுப்பு ரப்பர் பட்டி, பக்கத்தில் பொத்தான்கள், சின்னத் திரை. ஒரு தரம் சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். வானத்துச் செய்மதியைப் பிடித்து ஓடிய பாதையைத் துல்லியமாகக் குறிக்கும். மற்றது மெல்லியது, பளபளவென்று பெரிய திரை. போனுக்கு வரும் அழைப்பு, செய்தி எல்லாம் மணிக்கட்டிலேயே தெரியும். ஆனால் அதைத் தினமும் சார்ஜில் போட வேண்டும். முதலாவதற்கு நானா வைத்த பெயர் உழைப்பாளி. இரண்டாவதற்கு மாப்பிள்ளை. பெட்டியில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் எங்கள் இருவருக்குமே கடைசி வரை வாயில் நிற்கவில்லை.

பள்ளிக்குப் போன இரண்டு கடிகாரங்கள்

முதல் சரக்கு வந்த வாரம், எது நல்லதென்று விற்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நானா முடிவு செய்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கல்லாவில் இருந்து கதவு வரை நடப்பதற்கே ஒரு பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்டவர் இடது கையில் உழைப்பாளியையும் வலது கையில் மாப்பிள்ளையையும் கட்டிக்கொண்டு, மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தார். வழியில் பழக்கடைக்காரர் நிறுத்தி, இரண்டு கை நிறையக் கடிகாரம் கட்டுகிற அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்டாராம்.

திரும்பி வந்தவர் முகம் சரியில்லை. இரண்டு கைகளையும் கண்ணாடிப் பெட்டியின் மேல் நீட்டினார். உழைப்பாளி ஒரு தூரம் காட்டியது. மாப்பிள்ளை அதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஒன்று செய்மதியைப் பார்த்து அளக்கிறது, மற்றது கை வீச்சை வைத்துக் கணக்குப் போடுகிறது, வழியில் பழக்கடைக்காரரிடம் கையை ஆட்டிப் பேசியதையும் நடையாக எடுத்திருக்கும் என்று நான் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் இரண்டையும் கழற்றி வைத்தார். "ரெண்டும் வேற வேற சொல்லுது மகள். பள்ளி மட்டும் அதே எடத்துலதான் ஈக்கி."

லக்கலயில் இருந்து வந்த சேர்

சனிக்கிழமைகளில் லக்கலப் பக்கத்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களில் ஒரு கணித ஆசிரியரும் இருந்தார். நாங்கள் அவரைச் சேர் என்றே கூப்பிடுவோம். மாத்தளைக்காரர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போய், குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். மாலையானால் பேச ஆளில்லை, ஓடிக் களைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றார். வயலுக்கும், காட்டை வெட்டிப் பயிர் போட்ட சேனைக்கும் நடுவே போகிற ரோட்டில், வெளிச்சம் வந்த பிறகு ஓடுவாராம். அவரிடம் ஏற்கெனவே ஒரு மலிவான கடிகாரம் இருந்தது. அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

ஒரு காலையில் வளைவில் திரும்பியபோது, ரோட்டோரத்தில் ஒரு தனி யானை கிளை முறித்துத் தின்றுகொண்டு நின்றிருக்கிறது. அது இவரைப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லிக் கொடுத்தபடி சேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மரத்தோடு மரமாக நின்றார். ஓட்டம் நின்றதைக் கண்டுபிடித்த கடிகாரம் உடனே கீச்சென்று கூவியது. யானை தலையைத் தூக்கிக் காதை விரித்தது. இவர் கடிகாரத்தைச் சட்டைக்குள் திணித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டார். உள்ளே அது இன்னொரு தரம் கூவியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. யானை கடைசியில் சலித்துப் போய்ச் சேனைப் பக்கம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓடவில்லையாம். ஓடாமல் இருந்ததில்தான் தனிமை இன்னும் கூடிப்போனது என்றார். அந்தப் பழைய கடிகாரத்தில் சத்தத்தை நிறுத்தவும் வழி இல்லையாம்.

நான் வழக்கம்போலச் செய்மதி, இதயத் துடிப்பு, பயிற்சித் திட்டம் என்று தொடங்கினேன். அவர் எதையும் கேட்கவில்லை. உழைப்பாளியில் எல்லாச் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்தச் சொன்னார். பிறகு கடைக்குள்ளேயே இரண்டு தரம் ஓடி, சட்டென்று நின்று, மணிக்கட்டைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "எவ்வளவு ஓடினேன்னு சொல்றது முக்கியமில்ல மிஸ். வாய மூடிக்கிட்டு இருக்கணும், அதுதான் முக்கியம்."

கலேவெல வியாபாரி

கலேவெலச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவருக்கு, சீனி வியாதிக்கு மருந்து கொடுத்த டொக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். மனிதர் மாப்பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து, கடிகாரத்தில் ஏதோ பிழை என்று திரும்பி வந்தார். விடியற்காலையில் லொறியில் மூட்டை ஏற்றி இறக்கி முடிப்பதற்குள், அன்றைக்கு நடக்க வேண்டியது முடிந்துவிட்டது என்று திரையில் பட்டாசு வெடித்துக் காட்டுகிறதாம். பின்னேரம் மைதானத்துக்கு நடக்கக் கிளம்பினால், இன்று போதும், ஓய்வெடுங்கள் என்கிறதாம். கடிகாரத்தில் பிழை இல்லை என்று பார்த்துச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. "டொக்டர் நடக்கச் சொல்றாரு, இது படுக்கச் சொல்லுது. எங்க வீட்டம்மா கடைய பூட்டச் சொல்லுது. நான் இப்ப யார் சொல்றதக் கேக்குறதுங்க?"

மனோ அன்ரி

சிவநாதன் ஐயா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி மனோ அன்ரியும் மாத்தளைக்கு வந்து எத்தனையோ காலமாகியும் யாழ்ப்பாணத்துப் பேச்சை விடவில்லை. ஐயாவுக்கு முந்தின வருடம் நெஞ்சு நோவு வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைத்து வந்திருந்தார். அதற்குப் பிறகு அன்ரிக்கு அவர்மேல் இருந்த கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பாராம். கடிகாரம் வாங்க வந்த அன்றும் இதை வைத்தே இருவருக்கும் சண்டை. இளம் வயதில் ஓட்டப் போட்டிகளில் ஓடிய ஐயாவுக்கு, வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் காட்டும் உழைப்பாளி வேண்டும். அன்ரிக்கு, துடிப்பு ஏறினால் உடனே தன் போனுக்குச் சொல்லும் மாப்பிள்ளை வேண்டும்.

ஐயா பொறுமை இழந்து, இதெல்லாம் வெறும் ஏமாற்று என்று நிரூபிப்பதற்காக மாப்பிள்ளையை எடுத்து அன்ரியின் கையில் கட்டினார். சும்மா உட்கார்ந்திருந்த அன்ரிக்கு அது ஓடி வந்தவரின் துடிப்பைக் காட்டியது. ஐயாவுக்கு ஒரே வெற்றிச் சிரிப்பு. தன் கையில் கட்டிப் பார்த்தார், சாதாரணம். என் கையில் கட்டினோம், சாதாரணம். மறுபடி அன்ரியின் கையில் கட்டினோம். எண் ஏறியது, சட்டென்று இறங்கியது, மறுபடி ஏறியது. ஐயாவின் சிரிப்பு எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை. கடிகாரம் டொக்டர் இல்லை, ஆனாலும் இன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள் என்று பாஹிம் நானாதான் மெதுவாகச் சொல்லி, தானே ஓட்டோ பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் எதுவும் வாங்கவில்லை.

ஒரு மாதம் போனது. இருவரும் வந்தார்கள், இந்த முறை ஐயாதான் அன்ரியின் கைப்பையைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அன்ரிக்குத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததாம். இன்னும் விட்டிருந்தால் கை கால் இழுத்திருக்கும் என்றார்களாம். இப்போது மருந்தில் அடங்கியிருக்கிறது. ஐயா தனக்கென்று எதையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒன்றை வாங்கி, பட்டியைத் தானே சரிபார்த்து அன்ரியின் கையில் கட்டினார். அன்ரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "படி ஏறேக்க எனக்குத்தான் மூச்சு வாங்கினது, பிள்ளை. இவரை நினைச்ச பயத்திலதான் அப்பிடி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

வஹகோட்டை ரீட்டா அக்கா

ரீட்டா அக்காவுக்கு வஹகோட்டையில், கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. புருஷன் இல்லை, ஒரே மகள் ஷெரின். பள்ளிக்கூடத்தில் நீண்ட தூரம் ஓடி, கொழும்பில் தங்கிப் பயிற்சி எடுக்கத் தெரிவாகியிருந்தாள். மகளுக்கு உழைப்பாளிதான் வேண்டும். தாய்க்கு, கூப்பிட்டால் மணிக்கட்டிலேயே அடிக்கும் மாப்பிள்ளை. நான் ஒரு வழி சொன்னேன். உழைப்பாளியில் ஓடினால், ஓடிய பாதை ஒரு கோடாகத் தாயின் போனுக்கும் வருகிற மாதிரி வைக்கலாம். ஷெரின் கொஞ்சம் யோசித்து, ஏன் இன்றைக்குக் குறைய ஓடினாய் என்று கேட்கக் கூடாது என்ற உடன்படிக்கையோடு சம்மதித்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ரீட்டா அக்காவின் போனில் மைதானத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் விழுந்தது. தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது.

ஒரு மழை நாளில் அக்கா போனை ஷொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். சில நாளாக வளையம் வரவில்லை. கடிகாரம் பழுதாகிவிட்டதாக மகள் சொல்கிறாள், திருத்த முடியுமா என்று கேட்டார். நான் அவர் போனில் கடிகாரத்தின் செயலியைத் திறந்து பார்த்தேன். அன்று காலையிலும் கடிகாரம் துடிப்பை அனுப்பியிருந்தது. நடை மட்டும் கட்டிலில் இருந்து கதவு வரை போய் வந்த அளவுக்கு இருந்தது. கடிகாரம் ஓடுகிறது, பிள்ளைதான் ஓடவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று நான் நானாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து, வீட்டுக்குக் கூடப் போகாமல், நனைந்த குடையோடு அப்படியே கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஷெரினுக்குக் கால் எலும்பில் வெடிப்பு. முழங்கால் வரை கட்டு. சொன்னால் அம்மா போதும் வா என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பிள்ளை பயந்திருக்கிறாள். அக்கா கூட்டிக்கொண்டு வரவில்லை. கட்டுப் பிரிக்கும் வரை போய்ப் போய் வந்து சமைத்துக் கொடுத்தார். தேத்தண்ணிக் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் தாயும் மகளும் கடைக்கு ஏறினார்கள். ஷெரின் என் காதோடு, அம்மாவுக்குக் கோடு போகாமல் நிறுத்துவது எப்படி என்று கேட்டாள். ரீட்டா அக்காவுக்குக் காது கூர்மை. "நிப்பாட்டிக்க மகளே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நிப்பாட்டினா, தினம் நேர்ல வந்து பாத்துக்கிறேன்."

இப்போது

எனக்கு அரசாங்க நியமனம் கிடைத்து, கண்டிப் பக்கம் போய்விட்டேன். போன மாதம் மாத்தளையில் இறங்கியபோது கடைக்குப் போனேன். பாதியைப் போன் கவர் விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார் நானா. உழைப்பாளியும் மாப்பிள்ளையும் புது உருவங்களில் இருந்தார்கள். இப்போது உழைப்பாளிக்கும் பளபளப்பு வந்துவிட்டது, மாப்பிள்ளையும் பல நாள் சார்ஜ் தாங்குகிறான். நான் இருந்த நேரத்தில் ஒரு இளைஞன் வந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினான், விலையைக் கேட்டான், போய்விட்டான். நானா எனக்கு பிளேன்டீ வரவழைத்தார். மழை விடும் வரை லக்கல சேரையும் மனோ அன்ரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எழும்பும்போது வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "யாவாரம் பரவாயில்ல மகள். ஆனா எது நல்லம்னு கேக்க இப்ப ஒருத்தரும் வாறல்ல."

ஓடுவதற்கு எது நல்லது என்று ஒரு மாவட்டத்துக்கே சொல்லிக் கொடுத்த நான், இதுவரை என் வாழ்க்கையில் ஓடியதெல்லாம் கண்டி பஸ்ஸுக்குப் பின்னால் மட்டும்தான்.