பேப்பர் வாங்கித் தருகிறேன் என்றவர்

வாகை மரத்தை அறுக்கும்போது பறக்கிற தூளுக்கு ஒரு காரம் உண்டு. மிளகாய் வற்றல் மூட்டையை உதறினதுபோல் மூக்கில் ஏறும். நாலைந்து தும்மல் போட்டால்தான் இறங்கும். போன வாரம் பேருந்து விருதுநகருக்குள் நுழைகையில் எங்கோ ஒரு மில்லில் வாகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த நான் தும்மித் தீர்த்தேன். தும்மி முடித்தபோது, முன்பு ஒரு நாள்போல, ஒரு மர வியாபாரியின் முன்னால் நினைவில் மறுபடியும் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் ஒரு கடிதம். முகத்தில் அவநம்பிக்கை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறுபத்திரிகை கொண்டுவருகிறேன். மரம் வளர்ப்பவர்களுக்கும் மரவேலை செய்பவர்களுக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் விடிந்ததும் வேன்கள் வந்து ஆட்களைப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். களையெடுக்க ஆள் கிடைக்காத மானாவாரிக் காட்டுக்காரர்கள் வேம்பையும் வாகையையும் நட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் என் வாசகர்கள்; கதவும் கட்டிலும் செய்கிற ஆசாரிகளும்தான். நான் கவிதை எழுதுகிறவன். நிழலை எழுதப் போனவன் விலையில் போய் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. எந்த ஊரில், எவ்வளவு சுற்றளவுள்ள மரம், என்ன விலைக்குப் போனது என்று விற்றவர்களே எழுதி அனுப்புவார்கள், அப்படியே போடுவேன். அதற்கு முன்பெல்லாம் தரகர் வாயில் வந்ததுதான் விலை.

சிவகாசியில் காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் சும்மா கிடக்கும் நாட்களில், பாதிக் கூலிக்கு அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் அச்சக முதலாளி கையை விரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, மெஷின் கூலியப் பொறவு பாத்துக்கிடுவோம். நாலு இதழுக்கும் பேப்பர நீங்க எடுத்துக் குடுத்துருங்க. இல்லைன்னா என்னால ஆகாது."

என்னாலும் ஆகாது. பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தபோதுதான் மர வியாபாரி ஆள் அனுப்பினார். ஊரில் பெரிய அறுவை மில் அவருடையது. மூன்று தலைமுறை மர வியாபாரம். எல்லோருக்கும் அவர் பாய். வருடம் முழுவதற்கும் பேப்பர் தன் பொறுப்பு என்றார். விளம்பரம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார். கடைசிப் பக்கத்தை மட்டும் நிறுத்தக் கூடாதாம்.

வீட்டில் சொன்னேன். மனைவி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மரம் வாங்குறவரு, மரத்து வெலைய ஊருக்கெல்லாம் சொல்லுத பத்திரிகைக்குப் பேப்பர் வாங்கித் தாராராக்கும்? ஆருட்டக் கதை விடுதாக?"

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. அவருடைய சிரிப்பு, ஆள் அனுப்பிய நேரம், பெயர் வேண்டாம் என்ற அடக்கம், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உள்ளே செல் அரித்திருக்கிறதா என்று பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல.

அந்த வாரமே ஒரு கடிதம் வந்தது. எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர் எழுதியதாக இருந்தது. முப்பது வருட வேம்பு, சுற்றளவு பன்னிரண்டு அங்குலம், அடிமாட்டு விலைக்குப் போனதாம். பன்னிரண்டு அங்குலமா? என் கெண்டைக்கால்கூட அதைவிடக் கனம். காட்டுக்காரர் மரத்தைக் கயிற்றால் சுற்றி, கயிற்றின் முழு நீளத்தை எழுதுவார். அதை நாலாக மடித்துக் கால் பங்கை எழுதுவது மரம் வாங்கி விற்கிறவர்கள் கணக்கு. அந்தக் கை, பழக்கத்தில் மடித்துவிட்டது. மரம் விற்றவர் எழுதிய கடிதமில்லை அது. விலையை இறக்க யாரோ எழுதிய பொய். யாரோ என்ன, எனக்கு ஒரு முகம்தான் தெரிந்தது.

மறுநாள் அதை அவர் மேஜையில் வைத்தேன். வெளியே வாகை அறுபட்டுக்கொண்டிருந்தது. நான் தும்மி முடிக்கும்வரை காத்திருந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். சிரித்தார்.

"கூறுகெட்ட பய. மடிக்காம எழுதத் தெரியலையே. நான்தான் எழுதச் சொன்னேன்னு வந்திருக்கீக, என்ன?"

"வேற ஆரு பாய் நாலா மடிப்பாக?"

"தரகன் மடிப்பான். காட்டுக்காரருக்கு அவன் எம்புட்டுக் குடுத்தான்னு எனக்குத் தெரியாது. நான் அவனுக்கு எம்புட்டுக் குடுத்தேன்னு அவுகளுக்குத் தெரியாது. நடுவுல அவன் தின்னதை உங்க கடைசிப் பக்கத்துலதான் அண்ணாச்சி நான் பாக்கேன். அதுக்குப் பேப்பர் வாங்கித் தரப்படாதா?"

"அப்ப பேரு போட வேண்டியதுதான?"

"போட்டா? நாளைக்கு எந்தத் தரகன் என் மில்லுக்கு லோடு இறக்குவான்?"

நம்பும்படியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னது உண்மையாக இருக்கலாம், கடிதமும் அவருடையதாக இருக்கலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. ஆனால் யார் காசில் அந்த விலை அச்சாகிறது என்று தெரியாமல் ஒரு காட்டுக்காரர் அதை நம்பி மரத்தைக் கொடுத்தால், அந்தப் பாவம் என்னுடையது.

"இந்தக் கடுதாசிய நான் போடப் போறதில்ல," என்றேன். "கடைசிப் பக்கத்து உச்சியில ஒரு வரி வரும். இந்த இதழுக்குப் பேப்பர் வாங்கித் தந்தவர் மரம் வாங்குகிற ஒருவர்னு. பேரு இருக்காது. சம்மதம்னா சொல்லுங்க. இல்லைன்னா பத்திரிகை நின்னுட்டுப் போகட்டும்."

அவர் கடிதத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சிரிப்பில் தோள் குலுங்கியது.

"மரம் வாங்குத அம்புட்டுப் பேரும் இனிமே எவன் அதுன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். போடுங்க, போடுங்க."

எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்தார்.

"என் மேல இன்னும் சந்தேகந்தான், இல்லையா?"

"ஆமா பாய்."

"இருந்துட்டுப் போகட்டும். கடுதாசி ஒவ்வொண்ணையும் இதே மாதிரி அளந்து பாத்துட்டே போடுங்க, என் கையெழுத்துல வந்தாலும்."