கரிமேட்டுக் கான்

பிறிஜெற் சூசைப்பிள்ளைக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு என்று கொட்டாஞ்சேனையில் அவளோடு குடியிருந்த தங்கை கொன்ஸ்ரன்ஸ் சொல்லுவாள். அதில் பொய்யில்லை. பஸ்ஸில் பக்கத்திலிருப்பவன் பல்லுக் குத்தினால் இறங்கி நடந்துவிடுவாள். ஆனால் அவளுக்கு உண்மையிலேயே குமட்டிக்கொண்டு வருவது, அளக்காமல் கீறிய படத்தைப் பார்த்தால்தான்.

இருபத்தொரு வருடமாக ஒரு பொறியியல் கந்தோரில் படவரைஞராக இருந்து படம் கீறினாள். ஒரு வேலை கட்டி முடிந்ததும், கட்டியபடியே ஒரு படம் கீற வேண்டும். கீறியவர் மூலையில் தன் பெயரெழுத்தைப் போட வேண்டும். தானே அளவுநாடாவைப் பிடித்து அளக்காத எதிலும் அவள் ‘பி.எஸ்.’ போட்டதில்லை. முதலாளிமார் மாறினார்கள், அவள் மாறவில்லை.

தொண்ணூற்றேழில் மட்டக்குளிக் கரிமேட்டைச் சீர்படுத்தும் வேலை கந்தோருக்கு வந்தது. கப்பல்கள் நிலக்கரியில் ஓடிய காலத்தில் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய கரித்தூளும் சாம்பலும் மூன்று மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. போதாததற்கு அதன்மேல் ஊர்க்குப்பை முழுவதும். மழை பெய்தால் மேடு கறுப்பாய்க் கரைந்து அடிவாரத்துத் தகரவீடுகளுக்குள் வரும். சோற்றுச் சட்டி, பிள்ளைகளின் பாய், சாமிப்படம், ஒன்றையும் விடாது. சண்டைக்கே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்த நாட்டில் இதற்கு ஏதோ பணம் ஒதுக்கியதே அதிசயம்தான்.

திட்டப்படத்தை பிறிஜெற்தான் கீறினாள். மேட்டைச் சரித்துப் படிபடியாக வெட்டுவது, களிமண்ணால் மூடி இறுக்குவது, மேலே மண் போட்டுப் புல் வைப்பது, உச்சியில் பிள்ளைகள் விளையாட ஒரு திடல். எல்லாவற்றுக்கும் உயிர், அடியில் கருங்கல் அடுக்கிக் கட்டும் வடிகாலான கான். ஊறி வரும் கறுப்புத் தண்ணீரை வீடுகளுக்குப் போகவிடாமல் ஒரு குட்டைக்குக் கொண்டுபோவது அதுதான். கான் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பூச்சு.

கானைக் கட்டவில்லை. கருங்கல் வேறெங்கோ போய்விட்டது. புல்லை மட்டும் வைத்து ரிபன் வெட்டினார்கள். வெட்ட வந்தவர்கள் மூக்கில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். கந்தோரின் பொறியியலாளர் ஹெக்டர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்வாங்கில் இருப்பவர், பழைய திட்டப்படத்தையே பார்த்து, கட்டி முடிந்த படத்தைக் கீறி எழுத்தைப் போடும்படி வாய்கூசாமல் சொன்னார். அளக்க வேண்டும் என்றாள். அவர் சிரித்தார்.

சனிக்கிழமை காலை நாடாவும் படமுமாக மட்டக்குளிக்குப் போனாள். தகரவீட்டு இராமலெட்சுமி, எதற்கென்று கேளாமலே, நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் கூட நடந்தாள். பிறிஜெற் பத்தடிக்கு ஒருதரம் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தாள். ஓரிடத்திலும் கல்லில் முட்டவில்லை. படத்தில் கான் இருந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வெட்டிவிட்டுப் புறப்பட்டாள்.

சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். தமிழ்ப் பெண், துறைமுகத்துக்குப் பக்கம், பையில் வரைபடம், அதில் சிவப்புக் கோடு. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பொலிஸ் நிலையத்தில், மூத்திரம் நாறும் ஓர் அறையில், எட்டுப் பெண்களோடு அவளை இருத்தினார்கள். கந்தோருக்கு அறிவித்தபின் பின்னேரம் ஹெக்டர் வந்தார்.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டது ஒரேயொரு கேள்வி. படத்தில் சிவப்புக் கோடு போட்ட இந்தக் கான் நிலத்தில் இருக்கிறதா? இருந்தால் இது கந்தோர் வேலை, போகலாம். இல்லையென்றால், இல்லாத ஒன்றின் படத்தைக் காவிக்கொண்டு துறைமுகப் பக்கம் திரியும் இவள் யாரென்று விசாரிக்க வேண்டும். அந்தக் கானைப் பற்றி அரசாங்கத்து ஆள் ஒருவர் வாய்திறந்து கேட்டது அன்றைக்குத்தான்.

“இருக்கு எண்டு சொல்லும், பிறிஜெற். சொன்னால் இப்பவே கூட்டிக்கொண்டு போறன்,” என்றார் ஹெக்டர் தமிழில்.

இருக்கிறது என்று சொன்னாள். வாக்குமூலத்தில் ஒப்பமிட்டாள். திங்கட்கிழமை புதுப் படம் கீறி, மூலையில் ‘பி.எஸ்.’ போட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று தரம் குளித்தும் தன்னைத் தொட அவளுக்கே கூசியது. கொன்ஸ்ரன்ஸ் சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.

ஐப்பசி மழை வந்தது. நாலாம் நாள் இராமலெட்சுமி முழங்கால்வரை கரிச்சேற்றோடு கந்தோருக்குள் வந்து நின்றாள். முறைப்பாடு சொல்லப் போன அரசாங்கக் கந்தோரில் படத்தை விரித்துக் காட்டி, கான் இருக்கிறது, குப்பை போட்டு அடைத்தது நீங்கள்தான், தோண்டித் துப்புரவாக்குங்கள் என்று விரட்டிவிட்டார்களாம். பதின்மூன்று பேர் மூன்று நாளாக மேட்டின் அடியைத் தோண்டுகிறார்களாம்.

“மொதல்ல நாங்க நம்பலீங்க. ஒங்க எழுத்து இருக்குன்னு சொன்னாங்க. நீங்க நாடா புடிச்சு அளந்தவங்கதானே, அதான் தோண்டுறோம். இன்னும் எவ்ளோ ஆழத்துல இருக்குங்க, அக்கா?”

ஊறிப்போன மேட்டின் அடியை வெட்டினால் மேடு அப்படியே சரிந்து வீடுகள்மேல் விழும். பிறிஜெற்றுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஹெக்டருக்கும் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை அவளுக்கு மெதுவாக ஞாபகப்படுத்தினார். இவரோடு இத்தனை வருடம் ஒரே அறையில் மூச்சு விட்டேனே என்று அவளுக்கு ஓங்காளித்தது. அவரைவிடத் தன்மேல்தான் கூடுதலாக.

“அங்கை கான் இல்லை,” என்றாள். “இல்லையெண்டு தெரிஞ்சுதான் கீறினனான். உடனை தோண்டுறதை நிப்பாட்டுங்கோ, மேடு விழும். நில்லுங்கோ, நானும் வாறன்.”

இராமலெட்சுமி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“வேணாம். இனிமே நீங்க சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. நானே சொல்லிக்கிறேன்.”