பெரியவருக்குப் பசியில்லை

முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, எலிஃபாஸ் தூப்பமாகு நடுவிரலால் தண்ணீரைச் சுண்டினார். டொப், டொப், டொப். மறு கையில் ஓடு உடைத்த கோழிமுட்டை. துணி துவைக்கும் பெண்கள் சோப்பு நுரை அவர் பக்கம் போகாமல் கையால் தள்ளிவிட்டார்கள். பாறை இடுக்கிலிருந்து தொடைப் பருமனில் ஒரு விலாங்கு வந்து, முட்டையை உறிஞ்சிவிட்டு, வந்த வழியே திரும்பியது.

"சாப்டாரு," என்றார் எலிஃபாஸ், தன் வயிறே நிறைந்துவிட்டதுபோல.

அம்பொன் தீவின் அந்தக் கடலோர ஊரில் அந்த விலாங்குக்குப் 'பெரியவர்' என்று பெயர். ஊர்த்தலைவரான ராஜாவை முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்பார்கள். விலாங்கு எப்போதும் 'அவர்'தான். ஊற்றுக்குளத்தில் பாசியை இறால் தின்னும், இறாலைச் சின்ன மீன் தின்னும், மீனைப் பெரியவர் தின்பார். பெரியவரைத் தின்ன யாருக்கும் துணிவில்லை. இந்த வரிசையில் எலிஃபாஸுக்கும் ஓர் இடம் இருந்தது: கோழிக்கு மேலே, விலாங்குக்குக் கீழே.

ஊற்றுக் காவலன் வாயில் முட்டை படக்கூடாது, பட்டால் பெரியவர் கோபித்துக்கொள்வார் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அப்பாவிடமிருந்து காவல் கைக்கு வந்த அன்றோடு முட்டை வாயைவிட்டுப் போயிற்று. எலிஃபாஸுக்கோ முட்டை என்றால் உயிர். அடுத்த வீட்டில் ஆம்லெட் வாசம் எழுந்தால் வேலியைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவார். வேலி ஒழுங்காகத்தான் நின்றது.

"பெரியவருக்கு ஊட்டுற கையால எனக்கு ஒரு வாய் ஊட்டியிருக்கீங்களா?" என்பாள் மனைவி யோகோமினா.

"அவரைத் தண்ணியச் சுண்டிக் கூப்பிடணும். நீ கூப்பிடாமலே வந்து நிக்கிறியே."

மினா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அங்கே விலாங்கை மஞ்சள் குழம்பு வைத்துச் சப்புக்கொட்டித் தின்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து எலிஃபாஸ் இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

மழைக்காலத்தில் பெரியவர் சாப்பாட்டை நிறுத்தினார். வெளியே வருவார், முட்டையை முகர்வார், திரும்பிவிடுவார். ஊர் எலிஃபாஸின் வாயைப் பார்க்க ஆரம்பித்தது. ராஜா நேராகவே கேட்டார்: "உண்மையச் சொல்லு. தின்னியா?"

"சத்தியமா இல்லீங்க."

"ஞாயித்துக்கிழமை ஊர் முன்னால ஊட்டு. அவரு வாங்கலேன்னா காவல் உனக்கில்ல."

தின்றுவிட்டு மாட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தின்னாத முட்டைக்காக மானம் போவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் மினா சொன்னாள்: "கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு கடலுக்குக் கிளம்புறாரு. கண்ணு பெருசாயிருக்கு, வயிறு வெள்ளி மாதிரி மின்னுது, பாக்கலியா? கிளம்பின விலாங்கு எதையும் தொடாது. அறுத்தா குடல் காலியா இருக்கும்."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்களே! நீ அறுத்த கதை தெரிஞ்சா என்னை விட்டாலும் உன்னை விடமாட்டாங்க. பேசாம இரு."

ஞாயிறன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஊரே குளத்தங்கரையில் நின்றது. மழை கொட்டி, குளத்திலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய் கரைபுரண்டு ஓடியது. மினா முட்டைக் கூடையோடு கணவருக்குப் பின்னால் நின்றாள். எலிஃபாஸ் ஒரு முட்டையை உடைத்துப் பிடித்துக்கொண்டு சுண்டினார். பெரியவர் வந்தார். முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலிஃபாஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, கால்வாயில் இறங்கி, கடல் பக்கமாகப் போயே போய்விட்டார். இத்தனை வருஷம் ஊட்டிய கைக்கு ஒரு பார்வைகூட இல்லை.

"பாத்தீங்களாய்யா, கோபிச்சுக்கிட்டுப் போயிட்டாரு!" என்று ஒரு கிழவர் தலையிலடித்துக்கொண்டார்.

"யாரு வாயில முட்டை பட்டுச்சு? இப்பவே சொல்லணும்!" ராஜாவின் குரல் ஓங்கியது.

மினாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு மேல பழி போடாதீங்க. எங்க ஊர்ல இந்த விலாங்க..."

அவள் முடிப்பதற்குள் எலிஃபாஸ் தலையை அண்ணாந்து, கையிலிருந்த முட்டையைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

அவர் கண்ணை மூடி, அவசரப்படாமல் விழுங்கினார். புறங்கையால் மீசையைத் துடைத்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, மினாவின் கூடைப் பக்கம் கையை நீட்டினார், இன்னொன்றுக்கு.